காற்றில் ஓடும் கார்: கனவும் கணக்கும்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பேச்சு மீண்டும் தலைதூக்கும். "காற்றிலேயே ஓடும் கார் கண்டுபிடித்துவிட்டார்களாமே! பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம், புகையும் கிடையாது. டயருக்குக் காற்றடிப்பது போல் அடித்துக்கொண்டு போக வேண்டியதுதானாம்!" என்று யாராவது ஒருவர் தொடங்கி வைப்பார். "அப்படியானால் அது ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?" என்று இன்னொருவர் கேட்பார். "எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் விடுவார்களா?" என்ற பதிலோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. காற்றை அழுத்தி அடைத்து வைத்து அதன் விசையால் வண்டி ஓட்ட முடியும், ஓட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அது மலிவானதா, சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்பவை தனிக் கேள்விகள். அவற்றுக்கு விடை எண்ணெய்க் கம்பெனிகளிடம் இல்லை. பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறும் பெருநகரங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. அடுத்த வண்டி எதை வாங்குவது, எந்த அறிவிப்பை நம்புவது என்பது வீட்டு வரவு செலவையும் பிள்ளைகளின் நுரையீரலையும் சேர்ந்த விஷயம். எனவே "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற நம் பழமொழிப்படி இந்தக் காற்றையும் அளந்து பார்ப்போம்.

அழுத்திய காற்று நமக்குப் புதிதல்ல

கொல்லன் பட்டறைத் துருத்தி முதல், காற்றை அழுத்தி வேலை வாங்குவது மனிதனுக்குப் பழகிய கலை. நகரப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கும்போது 'உஸ்ஸ்' என்று ஓர் ஒலி கேட்கிறதே, அது பிரேக்கை இயக்கிய அழுத்தக் காற்று வெளியேறும் ஓசை. நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ரயில் நிற்பதும் காற்றழுத்த பிரேக்கினால்தான். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாலையை உடைக்கும் துளைக் கருவியும், கார் பட்டறையில் சக்கரத்தின் நட்டுகளை நொடியில் கழற்றும் கருவியும் காற்றினால் இயங்குபவையே. சரக்குக் கப்பல்களின் ராட்சத டீசல் எஞ்சின்களைக்கூட, சுமார் 30 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து வைத்த காற்றைச் செலுத்தித்தான் முதலில் சுழல வைக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டில்லியிலும் மும்பையிலும் ஆட்டோவும் டாக்சியும் பேருந்தும் சி.என்.ஜி. நிரப்பிக்கொண்டு ஓடுவதைத் தினமும் காண்கிறோம். டில்லியில் 1998-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து, 2002-ஆம் ஆண்டு இறுதிக்குள் நகரப் பேருந்துகள் அதற்கு மாறின. சிலர் இதையும் காற்று வண்டியையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். சி.என்.ஜி. என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. அது எரியும், எரிந்து ஆற்றல் தரும். சிறு இடத்தில் நிறைய வாயுவை அடக்குவதற்காக மட்டுமே அதை அழுத்துகிறார்கள். காற்று எரியாது. அது தரக்கூடியதெல்லாம் அழுத்தத்தின் விசை மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓடிய வண்டி

காற்று வண்டி இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை அன்று. பிரான்சு நாட்டில், நாவலாசிரியர் ஜூல் வெர்ன் பிறந்த ஊரான நாந்த் நகரில், 1879-ஆம் ஆண்டிலேயே அழுத்தக் காற்றில் டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. லூயி மெகார்ஸ்கி என்ற பொறியியலாளர் அவற்றை அமைத்தார். குதிரை இல்லை, கரிப்புகை இல்லை, நெருப்புப் பொறி இல்லை. வண்டியின் அடியில் இருந்த உருளைகளில் காற்றை அடைத்துக்கொண்டு ஓடிய இந்த டிராம்கள் 1917 வரை அந்நகர மக்களுக்குப் பயன்பட்டன. பாரிஸ் நகரிலும் இத்தகைய டிராம்கள் ஓடின.

மெகார்ஸ்கியின் வண்டியில் ஒரு நுட்பம் இருந்தது. தொட்டியிலிருந்து வரும் காற்றை அவர் நேராக எஞ்சினுக்கு அனுப்பவில்லை. 150 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கிய நீர் நிரம்பிய கொள்கலன் ஒன்றினூடே செலுத்தி, காற்றைச் சூடாக்கிய பிறகே அனுப்பினார். ஏன் இந்த வேலை? காரணத்தைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

இதே காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு ரயில் சுரங்கம் அமைத்தபோது, பாறையைத் துளைக்கும் கருவிகளும் கல்லை வெளியே இழுத்து வந்த சிறு ரயில் எஞ்சின்களும் அழுத்தக் காற்றில் இயங்கின. அந்தப் பணி 1872-இல் தொடங்கி 1882-இல் நிறைவேறியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் போர்ட்டர் நிறுவனம் நிலக்கரிச் சுரங்கங்களுக்காகக் காற்று எஞ்சின்களைச் செய்து விற்றது.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் எரியக்கூடிய வாயு கசிந்துகொண்டிருக்கும். ஒரு தீப்பொறி போதும், பேராபத்து. மலைச் சுரங்கத்தில் கரிப்புகை சூழ்ந்தால் தொழிலாளர்கள் மூச்சுவிட முடியாது. நெருப்பும் புகையும் ஆகாத இத்தகைய இடங்களில் காற்று எஞ்சின் வென்றது. மலிவு என்பதற்காக அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. செலவானாலும் பாதுகாப்பு என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். மின்சார டிராம் வந்ததும் நகரத் தெருக்களில் அது காற்று டிராமை வென்றுவிட்டது.

காற்று எரிபொருள் அன்று

காற்று எஞ்சினின் அமைப்பு எளியது. உறுதியான தொட்டியில் மிகுந்த அழுத்தத்தில் காற்றை நிரப்புகிறார்கள். வால்வு திறந்ததும் அது உருளைக்குள் புகுந்து விரிகிறது; பிஸ்டனைத் தள்ளுகிறது; பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த காற்று குளிர்ந்து வெளியேறுகிறது. தீப்பொறி தரும் பிளக் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம், சைலன்சரில் கரி படிவதும் இல்லை.

"காற்று இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகென்ன செலவு?" என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. பிள்ளைகளின் சாவி கொடுத்து ஓடும் பொம்மைக் காரை நினைத்துப் பாருங்கள். அதை ஓட்டுவது உள்ளே இருக்கும் சுருள்வில்லா? இல்லை. சாவியைத் திருகிய விரல்களின் உழைப்பைச் சுருள்வில் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறது. நம் அடுக்குமாடி வீட்டு மேல்நிலைத் தொட்டியும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் அது கீழே மோட்டார் செலவிட்ட மின்சாரம்.

காற்று வண்டியின் தொட்டியும் ஒரு சுருள்வில்தான். அதற்குச் சாவி கொடுப்பது கம்ப்ரெஸர். கம்ப்ரெஸரை இயக்குவது மின்சாரம். ஆகவே காற்று வண்டி என்பது உண்மையில் மின்சார வண்டியே. மின்சாரத்தைப் பேட்டரியில் சேமிப்பதற்குப் பதிலாகக் காற்றில் சேமிக்கிறோம். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போட்ட மின்சாரத்தில் எவ்வளவு சக்கரத்துக்குத் திரும்பி வருகிறது?

தொட்டிக்குள் இருப்பது எவ்வளவு?

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தை 1 பார் என்று கொள்வோம். சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமாக 10 பாரைக்கூட எட்டாது. சி.என்.ஜி. சிலிண்டரில் 200 பார். காற்று வண்டிக்கு 300 பார் அழுத்தம் தேவை. இத்தகைய தொட்டியை எஃகில் செய்தால் வண்டியின் எடை தாங்காது. எனவே கரியிழை சுற்றிய இலேசான தொட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

300 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறு காருக்கு இதைவிடப் பெரிய தொட்டி வைக்க இடம் இராது. 300 பார் அழுத்தத்தில் இதில் அடங்குவது ஏறத்தாழ 90,000 லிட்டர் சாதாரணக் காற்று. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள மூன்று அறைகளில் நிறைந்திருக்கும் காற்று அவ்வளவும் அந்தத் தொட்டிக்குள்! அந்தக் காற்றின் எடை மட்டும் சுமார் 100 கிலோ.

இவ்வளவு பாடுபட்டு அடைத்த காற்றில் உள்ள ஆற்றல் எவ்வளவு? வெப்பநிலை சற்றும் மாறாமல் மெல்ல விரிகிறது என்று இலட்சிய நிலையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 51 மெகாஜூல் வருகிறது. நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் சுமார் 14 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவு முழுதும் ஓடினால் ஆகும் மின்சாரம் அது. பெட்ரோலோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து தரும் வெப்ப ஆற்றல் 32 மெகாஜூலுக்குக் குறையாது. ஆக, 300 லிட்டர் தொட்டி நிறைய அடைத்த காற்றின் ஆற்றல், ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றலுக்குச் சமம்.

இந்த ஒப்பீட்டில் பெட்ரோலுக்குச் சற்றுச் சலுகை காட்டிவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தான் பெறும் வெப்பத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெளியே வீணாக்கிவிடுகிறது. ஒரு லிட்டரிலிருந்து சக்கரத்துக்குக் கிடைப்பது சுமார் 2 யூனிட் வேலைதான். அதைக் கொண்டு சிறு கார் 20 கிலோமீட்டர் ஓடுகிறது. காற்றுக்கும் அதே முறையில் நியாயமாகக் கணக்குப் பார்ப்போம். அதற்கு முன் மெகார்ஸ்கியின் வெந்நீர் இரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெப்பம் என்னும் கள்வன்

சைக்கிளுக்குக் காற்றடித்தவுடன் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தும்போது காற்று சூடாகிறது. டயரின் வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றினால் அந்த இடம் சில்லென்று இருக்கும். விரியும்போது காற்று குளிர்கிறது. இந்த இரண்டு சிறு நிகழ்ச்சிகளும்தான் காற்று வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

சாதாரணக் காற்றை ஒரே மூச்சில் 300 பாருக்கு அழுத்தினால், கோட்பாட்டின்படி அதன் வெப்பம் 1,200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடும். எந்த இயந்திரமும் அதைத் தாங்காது. ஆகவே நான்கு கட்டங்களாக அழுத்துகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று 180 டிகிரி வரை சூடாகும். அதைக் குளிரவைத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். குளிரவைப்பது என்றால் என்ன பொருள்? நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறோம் என்று பொருள்.

எந்தக் குறையுமில்லாத நான்கு கட்டக் கம்ப்ரெஸர்கூட நம் தொட்டியை நிரப்ப 17 யூனிட் கேட்கும். உராய்வு, மோட்டாரின் இழப்பு எல்லாம் சேர்ந்து நடைமுறையில் 24 யூனிட் அளவுக்குப் போய்விடும். தொட்டிக்குள் சேர்வதோ 14 யூனிட். முதல் கொள்ளை இங்கே நடந்துவிட்டது.

இரண்டாவது கொள்ளை ஓட்டும்போது நடக்கிறது. காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால், கோட்பாட்டளவில் பூச்சியத்துக்குக் கீழே 200 டிகிரியையும் தாண்டிப் போகும். குளிர்ந்த காற்று சுருங்குகிறது. சுருங்கினால் பிஸ்டனைத் தள்ளும் வலு குறைகிறது. காற்றில் உள்ள ஈரம் பனிக்கட்டியாகி வால்வுகளை அடைத்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் மெகார்ஸ்கி வெந்நீரை நாடினார். இன்றைய வடிவமைப்பாளர்கள் காற்றைப் படிப்படியாக விரியவிட்டு, ஒவ்வொரு படியிலும் சுற்றுப்புறத்தின் வெப்பத்தை ஏற்கச் செய்கிறார்கள். அதோடு, தொட்டி காலியாகக் காலியாக அழுத்தம் குறைந்துகொண்டே வருவதால் அதைச் சீராக்குவதிலும் இழப்பு உண்டு. இவ்வளவும் போக, தொட்டியில் இருந்த 14 யூனிட்டில் பாதி, அதாவது 7 யூனிட் சக்கரத்தை அடைந்தால் அது நல்ல எஞ்சின்.

பிரான்சிலிருந்து இந்தியாவுக்கு

இந்தக் கனவுக்கு நம் காலத்தில் உயிரூட்டியவர் பிரான்சு நாட்டு எஞ்சின் வடிவமைப்பாளர் கீ நெக்ரே. கார்ப் பந்தய எஞ்சின்களில் அனுபவம் பெற்ற அவர் எம்.டி.ஐ. என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் காற்று வண்டிகளை உருவாக்கினார். 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு முறை நிரப்பினால் 200 கிலோமீட்டர், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்றெல்லாம் செய்திகள் வந்தன. மறு ஆண்டு ஜனவரியில் டில்லி வாகனக் கண்காட்சியில் ஒரு இலட்ச ரூபாய் நானோ கார் அறிமுகமானதும், "அடுத்தது காற்றுக் கார்தான்" என்று வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று.

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா மோட்டார்ஸ், தன் இரண்டு வண்டிகளில் இந்தத் தொழில்நுட்பம் செயல்படுவதைச் சோதித்துப் பார்த்த முதல் கட்டம் முடிந்தது என்று அறிவித்தது. எஞ்சின் ஓடியது, அதில் ஐயமில்லை. ஆனால் கடைக்கு அந்தக் கார் வரவேயில்லை. நெக்ரே 2016-இல் காலமானார். பிரான்சின் பெஜோ நிறுவனம், பெட்ரோல் எஞ்சினோடு அழுத்த வாயுவையும் துணைக்குச் சேர்த்த ஒரு காரை 2013-இல் அறிவித்தது. அதுவும் விற்பனைக்கு வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது 1996-இல் நாட்டையே பரபரப்பாக்கிய 'மூலிகை பெட்ரோல்' போன்ற கதை அன்று. காற்று எஞ்சின் உண்மையான இயந்திரம். அதைச் செய்தவர்கள் உழைத்துச் செய்தார்கள். வேகமும் தூரமும் கூட வேண்டுமானால் எரிபொருளை எரித்துக் காற்றைச் சூடாக்க வேண்டும் என்பதை எம்.டி.ஐ. நிறுவனமே உணர்ந்து, அத்தகைய இரட்டை முறை வண்டியையும் வடிவமைத்தது. ஆனால் அப்போது 'எரிபொருளே வேண்டாம், புகையே இல்லை' என்ற பெருமை போய்விடுகிறதே! இயற்கையின் விதியோடு பேரம் பேச முடியாது.

மலிவா? பசுமையா?

இப்போது மூன்று வண்டிகளை ஒரே தூரம் ஓட்டிப் பார்ப்போம். நம் தொட்டியிலிருந்து சக்கரத்துக்கு வந்த 7 யூனிட்டைக் கொண்டு சிறு கார் 70 கிலோமீட்டர் ஓடும். மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய், பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி, அதாவது பத்தில் ஏழு பங்குக்கு மேல், நிலக்கரியிலிருந்து வருகிறது. எனவே ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியாவது 2.3 கிலோ.

பெட்ரோல் கார்: 70 கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர். செலவு 350 ரூபாய். கரியமில வாயு 8 கிலோ.

காற்றுக் கார்: நிரப்ப 24 யூனிட். செலவு 192 ரூபாய். கரியமில வாயு ஏறத்தாழ 17 கிலோ.

பேட்டரிக் கார்: மின்னேற்றும்போதும் ஓட்டும்போதும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து 9 யூனிட். செலவு 72 ரூபாய். கரியமில வாயு 6 கிலோவுக்குச் சற்று மேல்.

இவை தோராயக் கணக்குகளே. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம். ஆனால் வரிசை மாறாது. இந்தக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது.

முதலாவது, மலிவும் பசுமையும் ஒன்றல்ல. காற்றுக் கார் பெட்ரோலைவிடச் செலவில் குறைவுதான். பெட்ரோலின் மீதுள்ள வரிச்சுமையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அதே கார் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்கு கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. புகை நம் தெருவில் வராது. எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வரும். அந்த மின்நிலையத்தின் அருகிலும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது. 2009-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் நடத்திய ஆய்வும் இதே முடிவுக்குத்தான் வந்தது. காற்று வண்டி பேட்டரி வண்டியைவிடத் திறன் மிகக் குறைந்தது என்றும், நிலக்கரி மின்சாரம் மிகுந்த இடங்களில் பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதலாக வளிமண்டலத்தைக் கெடுக்கும் என்றும் அது கூறியது.

இரண்டாவது, நாளை நம் மின்சாரம் முழுவதும் சூரிய ஒளியிலிருந்தே வருவதாகக் கொண்டாலும் விவகாரம் தீராது. ஒரே தூரம் ஓட ஒரு வண்டிக்கு 9 யூனிட்டும் மற்றொன்றுக்கு 24 யூனிட்டும் தேவையென்றால், பின்னதற்காக இரண்டரை மடங்குக்கு மேல் சூரியத் தகடுகளை அமைக்க வேண்டும். எண்ணெய்க் கம்பெனிகள் சதி செய்யாமலே காற்றுக் காரைப் பேட்டரிக் கார் வென்றதற்குக் காரணம் இதுதான். 2001-இல் பெங்களூரில் ரேவா என்ற சிறிய மின்சாரக் கார் வந்தபோது, அது பழைய ஈய பேட்டரியில் 80 கிலோமீட்டர் ஓடியது. அதன்பின் லித்தியம் பேட்டரிகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டு மலிந்தன. காற்றுக்கு அத்தகைய வளர்ச்சி கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. பேட்டரியின் வேதிப்பொருளை மாற்றலாம். காற்றின் இயல்பை யாரால் மாற்ற முடியும்?

காற்றுக்கு ஏற்ற இடம்

இதனால் அழுத்தக் காற்று பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கும் சில நல்ல குணங்கள் உண்டு. தொட்டியைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். ஆயிரக்கணக்கான முறை நிரப்பிக் காலி செய்தாலும் பேட்டரியைப்போல் தேய்ந்து போகாது. தீப்பிடிக்காது. அரிய உலோகங்கள் தேவையில்லை. தீப்பொறி ஆகாத தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும், குறைந்த தூரமே ஓடி அடிக்கடி நிரப்பிக்கொள்ளும் சிறு வண்டிகளுக்கும் அது இன்றும் பொருந்தும்.

இன்னொரு பெரிய இடமும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹண்டார்ஃப் என்ற ஊரில் 1978 முதல் ஒரு மின்நிலையம் உள்ளது. மின்சாரம் மிகுதியாக இருக்கும் வேளையில், பூமிக்கடியில் உப்புப் பாறையில் குடைந்த பெருங்குகைகளில் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். தேவை கூடும்போது அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1991-இல் இரண்டாவது நிலையம் வந்தது. இவ்விரண்டிலும் விரியும் காற்றைச் சூடாக்க எரிவாயுவை எரிக்க வேண்டியிருந்தது. சீனாவின் ஜாங்ஜியாகோவில் 2022-இல் அமைந்த நிலையம் ஒரு படி மேலே போய், அழுத்தும்போது எழும் வெப்பத்தை வீணாக்காமல் சேமித்து வைத்து, விரியும்போது அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. காரில் நம்மை ஏமாற்றிய கள்வனை இங்கே பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டார்கள்! ஆனால் வெப்பத்தைச் சேமிக்கும் பெருந்தொட்டிகளை நிலத்தில் அமைக்கலாம். காரில் ஏற்ற முடியாது. பகலில் மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க இத்தகைய முறை உதவக்கூடும்.

அடுத்த அதிசயச் செய்தி வரும்போது

தண்ணீரில் ஓடும் கார், காந்தத்தில் ஓடும் கார் என்று இன்னும் பல செய்திகள் வரும். நண்பர்கள் ஆர்வத்தோடு சொல்வார்கள். முன்பணம் கேட்பவர்களும் வருவார்கள். அப்போது நாம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

1. ஆற்றல் உண்மையில் எங்கிருந்து வருகிறது? சொல்லப்படும் பொருள் எரிபொருளா, சேமிப்பு மட்டுமா?

2. தொட்டியில் அல்லது பேட்டரியில் அடங்குவது எத்தனை யூனிட்?

3. போட்டதில் சக்கரத்துக்கு வந்து சேர்வது எத்தனை பங்கு?

4. புகை இல்லை என்றால், எங்கே இல்லை? நம் தெருவில் மட்டுமா, எங்குமேவா?

இந்த நான்குக்கும் எண்களோடு பதில் சொல்கிறவரை மேலும் கேட்கலாம். "அதெல்லாம் கம்பெனி இரகசியம்" என்பவரிடம் வணக்கம் சொல்லி விடைபெறலாம். சோதனை ஓட்டம் ஒன்றைக் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. காற்றுக் காரும் சோதனையில் ஓடிய வண்டிதான். அது தோற்றது கணக்கில்.

பிள்ளைகள் செய்து பார்க்க

ஒரு காலித் தீப்பெட்டி, நான்கு பாட்டில் மூடிகள், இரண்டு துடைப்பக் குச்சிகள், ஒரு ஸ்ட்ரா, ஒரு பலூன் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிகளை அச்சாக்கித் தீப்பெட்டியில் செருகி, மூடிகளைச் சக்கரமாக்குங்கள். பலூனின் வாயில் ஸ்ட்ராவை நூலால் இறுகக் கட்டி, ஸ்ட்ரா பின்னோக்கி நீட்டியிருக்குமாறு பெட்டியின் மேல் ஒட்டுங்கள். ஸ்ட்ராவின் வழியே பலூனை ஊதித் தரையில் விடுங்கள். இது பிஸ்டன் இல்லாத வண்டி. வெளியேறும் காற்று பின்னோக்கிப் பாய, வண்டி முன்னோக்கி ஓடும். எத்தனை அடி ஓடியது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. இந்த வண்டியை ஓட்டிய ஆற்றல் யாருடையது? அது எந்த உணவிலிருந்து வந்தது?

2. பலூனை இரண்டு மடங்கு பெரிதாக ஊதினால் வண்டி இரண்டு மடங்கு தூரம் ஓடுகிறதா?

3. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் ஒரு யூனிட்டின் விலை என்ன? அந்த விலைக்குக் காற்றுக் காரும் பேட்டரிக் காரும் 70 கிலோமீட்டர் ஓட எவ்வளவு செலவாகும்?

மூன்றாவது கேள்விக்கான ரசீதை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு வாங்கி, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வீட்டில் அடுத்த வண்டியைப் பற்றிய பேச்சு வரும்போது, அந்தத் தாள் எல்லோருக்கும் பயன்படும்.